கழுவிவிட்ட சமையலறை

அன்றைக்கு அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தள்ளியது அவருடைய காலா, என்னுடைய கையா? மூன்று வருஷமாக இதே கேள்விதான். பால் காய்ச்சும்போதும் குழந்தைக்குத் தலை பின்னும்போதும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் அவர் கால் என்று தோன்றுகிறது. மறுநாள் என் கை என்று தோன்றுகிறது.

அவர் என்றால் என் கணவரின் அண்ணன். என் மகளுக்குப் பெரியப்பா என்பதால் நானும் பெரியப்பா என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பாகப்பிரிவினையில் லால்குடிப் பக்கத்து நிலம் அவருக்கும், ஸ்ரீரங்கத்து வீடு எங்களுக்கும் வந்தது. கொள்ளிடத்து வெள்ளம் அவர் வயலை மண் போட்டு மூடிவிட்டுப் போன வருஷம் அது. நாங்களோ கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, பழைய கூரையைப் பிரித்துப் புது ஓடு போட்டிருந்தோம். சங்கத்தின் கட்டாயத்துக்காக வீட்டுக்குத் தீ இன்ஷ்யூரன்ஸும் எடுத்திருந்தோம். அந்தப் புது ஓடு அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு பகல், என் கணவர் ஆபீசுக்குப் போன பிறகு, கடப்பாரையோடு வந்தார். தாழிட்டிருந்த வாசல் கதவை மூன்றே இடியில் பிளந்தார். “எனக்குச் சேறு, அவனுக்கு ஓட்டு வீடா? இதுல யாருமே இருக்க வேணாம்!” என்று கத்திக்கொண்டே கூடத்துச் சுவரைக் குத்தினார். செங்கல் தெறித்தது. ஒரு சில்லு என் நெற்றியைக் கிழித்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. “குழந்தை தூங்குதுங்க, வேணாங்க” என்று அலறினேன். அவர் காதில் விழவில்லை. சமையலறைக்குள் நுழைந்து பானைகளை உடைத்தார், அலமாரியைச் சாய்த்தார். ஸ்டவ்வில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், உத்தரத்தில் கட்டிய தூளியில் குழந்தை. அவர் கடப்பாரையை ஓங்கினார். உத்தரத்தைத்தான் குறிவைத்தார் என்று இன்று புரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது இரும்பும் தூளியும் மட்டும்தான். இந்த மனுஷன் செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

அடுத்து நினைவில் இருப்பது, ஸ்டவ் தரையில் உருள்வது, எண்ணெய் பரவுவது, அவர் வேட்டியில் தீ ஏறுவது. நடுவில் ஒரு நொடி காணாமல் போய்விட்டது.

அவர் அலறினார். ஆனால் தனியாக வெளியே ஓடவில்லை. எரிகிற வேட்டியோடு தூளியைப் பிய்த்து இழுத்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் போய் விழுந்தார். குழந்தை மேல் ஒரு கொப்புளம்கூட இல்லை. என் உள்ளங்கை வெந்திருந்தது. ஸ்டவ்வைத் தள்ளியதில் வெந்ததா, தீக்குள் தூளியைத் தேடிக் கையை விட்டதில் வெந்ததா, தெரியவில்லை. தெருக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். திருச்சியிலிருந்து தீயணைப்பு வண்டி காவிரிப் பாலம் தாண்டி வருவதற்குள் சமையலறைக் கூரை ஓட்டோடும் சட்டத்தோடும் உள்ளே சரிந்துவிட்டது.

அன்று மாலை கணவர் கேட்டவுடனே, “உங்க அண்ணன்தான் உதைச்சாரு” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. கணவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் சண்டை போட்டிருக்கிறார். கால்கள் வெந்து வாழையிலையில் கிடந்த பெரியப்பா சொன்னாராம்: “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லடா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அண்ணனைப் போலீசில் கொடுக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு அவர் முகத்தில் விழிக்கவும் மனம் வரவில்லை.

நான்காம் நாள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. வெளி மனிதர் வருகிறார் என்றதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, கட்டுப் போட்ட கையோடு விழுந்த ஓடுகளை ஓரமாக அடுக்கினேன். கரியைத் தேய்த்துத் தரையைக் கழுவினேன். நசுங்கிய ஸ்டவ்வைப் புளி போட்டு விளக்கி மாடத்தில் வைத்தேன். பிளந்த கதவுக்கு முன்னால் கோலமும் போட்டேன்.

சர்வேயர் குடையை மடக்கிக்கொண்டு திகைத்து நின்றார். “என்னம்மா, தீப்பிடிச்ச வீடுன்னு வந்தா கிரகப்பிரவேச வீடு மாதிரி இருக்கு?”

“வெளி ஆளு வர்றீங்களேன்னு…”

“எரிஞ்சது எரிஞ்சபடி கிடந்தாத்தானே எனக்கு வேலை? ஸ்டவ்வு கொலுப்பொம்மை கணக்கா உட்கார்ந்திருக்கு!”

ஆனாலும் பொறுமையாக டேப் பிடித்து அளந்தார். தீ தின்ற கூரைக்குக் கம்பெனி கொடுக்கும். தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரில் ஊறி இடிந்த சமையலறை மண்சுவருக்கும் கொடுக்கும். கடப்பாரை உடைத்த கதவுக்கும் கூடத்துச் சுவருக்கும் கொடுக்காது என்றார். “அண்ணன் தம்பி சண்டைக்கெல்லாம் இந்த பாலிசியில இடமில்லம்மா.” பிறகு பேனாவைத் திறந்தார். “ஸ்டவ்வு எப்படி விழுந்துச்சு? வீட்டு ஆளுங்களே வேணும்னு தள்ளியிருந்தா கம்பெனி கையை விரிச்சிடும். தவறி விழுந்திருந்தா கொடுக்கும். நான் சொல்லித் தரல. நடந்ததைச் சொல்லுங்க.”

தலைக்கு மேல் வானம் தெரிந்தது. இடுப்பில் குழந்தை. “தவறி விழுந்துடுச்சுங்க” என்றேன்.

“யார் கை தவறி?”

“தெரியலைங்க.”

எழுதிக்கொண்டார். பணம் வந்தது, கூரை வேய்ந்தோம். கதவை மட்டும் எங்கள் கையிலிருந்து போட்டோம்.

நான் கழுவாமல் விட்டிருந்தால் ஸ்டவ் எந்தப் பக்கம் சாய்ந்தது, எண்ணெய் எந்தப் பக்கம் ஓடியது என்று தரையே அவருக்குச் சொல்லியிருக்கும். எனக்கும் சொல்லியிருக்கும். இப்போது கம்பெனியின் காகிதத்தில் ஒரு கதை, என் கணவர் மனதில் ஒரு கதை. இரண்டுமே நான் சொன்னவை.

போன வாரம் லால்குடி பஸ்ஸிலிருந்து பெரியப்பா காலை இழுத்து இழுத்து இறங்குவதைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார். “பாப்பாவுக்கு ஆவணியில காது குத்தாமே? நான் வரலம்மா. இந்தக் காலைப் பார்த்தா பயந்துக்கும்.” அழைக்கக் கூடாது என்று கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

என் கையாகவும் இருக்கலாம் என்று கணவரிடம் சொன்னால் அண்ணனும் தம்பியும் சேரக்கூடும். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு, கம்பெனி போட்டுக் கொடுத்த இந்தக் கூரையின் கீழ் நான் எந்த முகத்தோடு சமைப்பேன்? நிச்சயமாகத் தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்வதும் இன்னொரு பொய்தானே? ஆவணிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் ஒரு நொடியைத் தொலைத்தவர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.