செவ்வாய்க்கிழமை விரதம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபமாக இருக்கும்போது நம்பர் போட்டு எழுதினால் எனக்குக் கொஞ்சம் நிதானம் வரும்.

1. சேரன்மகாதேவியைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் மெஷின் அங்கே மக்கர் செய்தது. ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

2. செவ்வாய் என்பதால் கர்ப்பிணிகளின் செக்கப் நாள். வராந்தா முழுக்கப் பெண்கள்.

3. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள்.

4. கழிப்பறை பூட்டியிருந்தது.

5. இசக்கி என்ற பெண் – ஏழு மாதம் – டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, பின்னால் இருந்த வாழைத் தோட்டத்துக்குள் போனாள்.

6. திரும்பி வரும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி வந்தாள்.

மூன்றையும் நான்கையும் இன்னொரு முறை சேர்த்துப் படியுங்கள். நான் எதையும் விட்டுவிடவில்லை. நடுவில் வேறு எதுவும் இல்லை.

இசக்கியை எனக்கு முன்பின் தெரியாது. பிரசவ அறையில் யாரையோ பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால்தான் நான் உள்ளே போக முடியும்; அதுவரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் அவள். பீடி சுற்றுகிற பெண். தலைப்பிரசவம். துணைக்குக் கணவனின் அக்கா செல்லம்மா வந்திருந்தார். பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்து வந்ததில் இசக்கிக்கு உதடு காய்ந்து வெளுத்திருந்தது. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டாவது முறை நீட்டியதும் செல்லம்மா குறுக்கே வந்தார்.

“அவ குடிக்க மாட்டா மேடம். செவ்வாக்கெழம விரதம்லா.”

“முருகனுக்கா?”

“முருகனுக்கு எதுக்கு? அந்தா தொங்குதுல்லா... அந்தப் பூட்டுக்கு.”

பெஞ்சே சிரித்தது. பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி காலையில் காபியோடு நிறுத்திவிடுவாளாம். தூரத்து ஊர்க்காரி ஒருத்தி முந்தின ராத்திரியிலிருந்தே குடிப்பதில்லையாம். வாழைத் தோட்டத்தில் ஆண்கள் வேலை செய்கிற நாளென்றால் டப்பாவைக் காலியாகவே திருப்பிக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்வார்களாம். சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னார்கள். அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இசக்கி டப்பாவோடு எழுந்து போனாள்.

குனிந்தபடி திரும்பி வந்தவளைச் செல்லம்மா தாங்கிப் பிடித்து, “பைய வாட்டி... பைய” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சிஸ்டர் ஓடி வந்தார். டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. இசக்கியைப் பிரசவ அறையில் படுக்க வைத்து டிரிப் ஏற்றினார்கள். நான் சரி செய்ய வேண்டிய வார்மரும் அதே அறையில்தான், திரைக்கு இந்தப் பக்கம்.

டாக்டர் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். மெஷின் எப்போது ரெடியாகும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

கேள்வி புரிந்தது. தண்ணீரே குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி, இசக்கிக்குக் கிருமித் தொற்று வந்திருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கர்ப்பப்பை நாள் வரும் முன்பே சுருங்கத் தொடங்கிவிடலாம். தொடங்கிவிட்டது. ஏழு மாதக் குழந்தை. நுரையீரல் இன்னும் சரியாக முற்றியிருக்காது. நெல்லைக்குக் கொண்டுபோகும் முன் இங்கேயே பிறந்துவிட்டால்?

வார்மரில் பெரிய கோளாறு இல்லை. சென்சார் ஒயர் அறுந்திருந்தது. மாற்று ஒயர் என் பையில் இருந்தது. மாட்டிக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து இசக்கியின் குரல் வந்தது.

“யக்கா... அது எம் பிள்ளைக்கா சரி பண்ணுதீய?”

“இல்லம்மா. இது சும்மா ரிப்பேரு. உன் பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கு.”

அவள் நம்பியிருக்க மாட்டாள். நானே நம்பவில்லையே! ஒயரை மாட்டியதும் மெஷினின் ஹீட்டர் சிவப்பாகக் கனன்றது. நான் ரிப்பேர் செய்த ஒரு மெஷினை யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது செல்லம்மா திரும்பி, “பிள்ளைக்கு ஏதும் ஒண்ணுன்னா அந்தப் பூட்ட நானே ஒடைப்பேன் சிஸ்டரு, பாத்துக்கிடுங்க” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வண்டி போன பிறகு சிஸ்டரிடம் சாவி எங்கே என்று கேட்டேன். ஆபீஸ் ரூமில், காலண்டருக்குக் கீழே, ஆணியில் தொங்கியது. எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரம்.

பிறகு ஏன் பூட்டு?

சிஸ்டர் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன். திறந்து விட்டால் கழுவத் தண்ணீர் வேண்டும். மோட்டார் போய்விட்டது, டேங்க்கில் தண்ணீர் இல்லை. துப்புரவுக்கு இருப்பது ஒரே அம்மா. வாளி வாளியாக எத்தனை முறை சுமப்பார்? மோட்டாரைப் பார்க்க வேண்டியது வேறு டிபார்ட்மென்ட். சொல்லியாகிவிட்டது. வருவார்கள்.

“மேல இருந்து யாராச்சும் திடீர்னு வந்தா கேவலமாப் போயிரும்லா மேடம்? அதான் கழுவிப் பூட்டிப் போட்டிருக்கோம். நாங்க மட்டும் தண்ணி குடிக்கோமா? டூட்டி முடிஞ்சி வீட்டுக்குப் போயித்தான்.”

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அது வேறு பக்கம் திரும்பியது.

யார் முன்னால் நமக்குக் கேவலம்? வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒரு அதிகாரிக்காக ஒரு கழிப்பறை பளபளவென்று காத்திருக்கிறது. வாராவாரம் தவறாமல் வருகிற கர்ப்பிணிகளுக்கு வாழைத் தோட்டம். வீட்டில் நல்ல கண்ணாடி டம்ளர்களை விருந்தாளிக்கென்று ஷோகேஸில் பூட்டி வைக்கிறோமே... அதே புத்திதான். டம்ளரைப் பூட்டினால் யாருக்கும் வலி வருவதில்லை.

பி.பி. பார்க்கும் கருவியைப் பூட்டி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கழிப்பறையைப் பூட்டி வைத்தால் அதற்குச் சுத்தம் என்று பெயர். கர்ப்பிணிகளுக்கான கட்டடத்தில் கழிப்பறையும் ஒரு மருத்துவக் கருவிதான் – இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம். இதே வராந்தாவில்தான் வாராவாரம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறார்கள். பிள்ளையைச் சூடாக வைக்க அவ்வளவு பெரிய மெஷினை வாங்கித் தந்தவர்களுக்கு, தாய்க்கு ஒரு கதவைத் திறந்து வைக்கத் தோன்றவில்லை. கடைசியில் ‘இந்தப் பொம்பளைகளுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பார்கள். இல்லையா? நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு விரதம் இருப்பவர்கள் அவர்கள்தானே?

மோட்டாரைப் போய்ப் பார்த்தேன். கண்டன்சர் போயிருந்தது. எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிற சாமான். வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கேட்கிற தூரத்தில், ஆறு சலசலத்துப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு கண்டன்சருக்காக ஒரு ஊரே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

மோட்டாரைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. மருத்துவக் கருவிகள் மட்டும்தான் என் கணக்கு. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்கு எதுவும் தெரியாது என்றார். போதாதா? கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டினேன். தண்ணீர் ஏறியது. சிஸ்டரே சாவியை எடுத்துப் போய்ப் பூட்டைக் கழற்றினார். மிச்சமிருந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் போய்விட்டு வந்தவள் நேராக என்னிடம் வந்து, “இப்பம் அந்தத் தண்ணியத் தாங்க மேடம்” என்றாள். பாட்டிலைக் காலி செய்துதான் கொடுத்தாள்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல பத்தி. எனக்கும் அதுதான் ஆசை.

போன வாரம் வார்மரை மறுபடி செக் செய்யப் போனேன். செவ்வாய்க்கிழமை. வராந்தா நிறையப் பெண்கள். கையில் டப்பா.

கதவில் பூட்டு. பழையது இல்லை. புதுசு. பித்தளையில் மின்னியது.

தண்ணீர் வரவில்லையா என்று சிஸ்டரிடம் கேட்டேன். நன்றாக வருகிறதாம். பிறகென்ன?

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இப்பம் நல்லா சுத்தமா இருக்குல்லா மேடம்... தொறந்து போட்டா பாழாக்கிருவாவ.”

தண்ணீர் இல்லாதபோது அழுக்காகிவிடும் என்று பூட்டினார்கள். இப்போது சுத்தமாக இருக்கிறது என்று பூட்டியிருக்கிறார்கள். கண்டன்சரை மாற்றத் தெரிந்த எனக்கு, இதில் எந்த ஒயரைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. திறக்கச் சொன்னேன். திறந்தார். நான் கிளம்பி கேட்டைத் தாண்டும்போது பூட்டுகிற சத்தம் கேட்டது.

உள்ளே போனபோதே பார்த்திருந்தேன்: பெஞ்சின் ஓரத்தில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். நெல்லையில் ஊசி போட்டு வலியை நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செல்லம்மா பெரிய பாட்டிலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் அதை மடியில் வைத்திருந்தாள்.

கடைசி நிலவரம்: இசக்கிக்கு எட்டாம் மாதம். குழந்தை நலமாக உள்ளேயே இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது. கழிப்பறை பூட்டியிருக்கிறது. இசக்கியின் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது; மூடி திறக்கப்படவில்லை.