கேரட் லாரியில் போன தொட்டில்

காற்றுக்கும் காசு வாங்குவார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது ஊட்டியில் ஒரு கொரியர் ஆபீசில்தான். அப்போது நான் நான்காம் வகுப்பு. கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்த பெண். அதனால் அம்மாவின் தம்பியான மாமா, விலை விசாரிக்கப் போகும்போது என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பின்னால் எங்கள் வீட்டு மரத்தொட்டில் இருந்தது. அக்காவும் அவளுக்குப் பிறகு நானும் கிடந்த தொட்டில். சென்னையில் அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குத்தான் அதை அனுப்ப வேண்டும்.

வெறும் தொட்டிலை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று அம்மா ஒரு குழவிக்கல்லைப் பழைய சேலையில் சுற்றி அதற்குள் வைத்திருந்தாள். குழந்தையைப் போடுவதற்கு முன்னால் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டுவது எங்கள் வழக்கம். கொரியர்காரர் தொட்டிலைத் தராசில் ஏற்றினார். பிறகு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து, கால்குலேட்டரைத் தட்டி ஒரு தொகை சொன்னார். எடை குறையட்டும் என்று மாமா குழவிக்கல்லைத் தூக்கி வெளியே வைத்தார். கல்லை எடுத்தாலும் அதே காசுதான், இவ்வளவு பெரிய சாமானுக்கு எடை பார்ப்பதில்லை, வண்டியில் அடைக்கிற இடத்துக்குத்தான் காசு என்றார் கொரியர்காரர். அப்படியென்றால் கல்லுக்குக் காசில்லை, உள்ளே இருக்கிற காற்றுக்குத்தான் காசா என்று மாமா கேட்டார். ஆமாங்க என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் அப்பா. அக்கா வேலை பார்த்த இடத்தில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் எமரால்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்ற சாக்கில் அம்மா மட்டும் கேரட் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று அவளோடு பேசிவிட்டு வருவாள். அப்பாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். குழந்தை பிறந்த சேதி வந்த அன்றும் மண்டியில் கேரட் என்ன விலை போகிறது என்றுதான் பேசினார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அம்மா கெஞ்சினாள், அழுதாள், இரண்டு வேளை சாப்பிடாமலும் கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தொட்டிலை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீண்செலவு இல்லாமல் அனுப்பினால் சரி என்றார். உரச்சாக்கைத் தைத்த நூலைக்கூடப் பிரித்துச் சுருட்டி வைக்கிறவர் அவர்.

கொரியர் தொகையைக் கேட்டதும் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். தொட்டில் காலைக் கழற்றிக் கட்டினால் பாதி இடம்தானே அடைக்கும் என்றார். மாமா ஸ்பானரை எடுத்து வந்து இரண்டு திருகு திருகினார். மழையில் நட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று கையை விரித்தார். மண்ணெண்ணெய் விட்டால் கழலுமே என்று நான் சொன்னேன். உடனே மாமா என்னை வர்க்கி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது மாமா பேச்சை லாரிக்குக் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க மச்சான், நம்ம கேரட் மூட்டைக்கு மேல வெச்சுக் கட்டிட்டா டீக்காசோட போயிருமுங்க. ஆனா மேட்டுப்பாளையத்துல சென்னை வண்டிக்கு மாத்தோணும். கூட ஆள் இல்லீனா கேரட்டோட சேத்து தொட்டிலையும் ஏலம் உட்டுருவாங்க."

அப்பா அவரையே போகச் சொன்னார். அந்த நிமிடமே மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலையாளை அனுப்பினால் கூலி கொடுக்க வேண்டும், அதுவும் வீண்செலவு. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கடைசியில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாசல்ல எறக்கி வெச்சுட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிருவேன். உள்ள வாங்கன்னு ஆரும் கூப்பிட வேண்டாம்."

குழவிக்கல்லோடு தொட்டிலையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போனது. மறுநாள் பகல் முழுக்க ஒரு தகவலும் இல்லை. அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. அக்காவும் எடுக்கவில்லை. தூறலில் அம்மா மேட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டாரோ, அவள் கதவைச் சாத்திக்கொண்டாளோ என்று அம்மா தனக்குத்தானே புலம்பினாள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தொட்டில் ஏலத்தில் போய்விட்டதோ என்பதுதான் என் கவலை. இடுப்பு பிடித்த மாமா எங்களுக்கு முன்னால் மேடேறிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள். அம்மா பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"மெதுவாப் பேசும்மா. அப்பா இப்பத்தான் தூங்குனாரு. பாப்பாவை நெஞ்சு மேல போட்டுக்கிட்டு, எறக்கவே மாட்டீங்கறாரு. தொட்டில்ல கல்லுதான் கெடக்குது."

அம்மா ஈர மண் என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே தெரிந்த அணைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டில் உடையாமல் போய்ச் சேர்ந்ததற்கு இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தாலும், எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

அடுத்த வண்டிக்குத் திரும்புவதாகச் சொன்ன அப்பா இரண்டு வாரம் கழித்து ரயிலில் வந்தார், அதுவும் ஏசியில். மேட்டுப்பாளையத்திலிருந்து டாக்ஸி. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டதையும் அவரே பெருமையாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கொரியர்காரர் கேட்டது இதில் ஒரு மூலைக்குக் காணாது. அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் போய், கொரியரிலேயே போட்டிருக்கலாம், உங்களால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"ஆமா கண்ணு, எனக்குக் கணக்கே வராது," என்றார் மாமா.

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். நஷ்டப்படுத்தினவருக்கு நெய் எதற்கு என்று எனக்குக் கோபமாக வந்தது. அதற்குப் பிறகும் ரொம்ப நாள், கூட்டல் கழித்தல்கூடத் தெரியாத மாமா ஒருவர் வாய்த்துவிட்டாரே என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேச்செடுக்காமலே இருந்தேன்.