மூன்றாவது வரியில் ஐந்து பச்சைக் கட்டங்கள்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாக என் வணக்கம். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அதோடு, சிலர் ஒரு வருடமாக வாய்க்குள் மென்றுகொண்டிருக்கும் பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். தாத்தாவும் அப்பத்தாவும் காப்பிப் பழம் பறித்தவர்கள். அப்பா மிஷன் பள்ளியில் படித்து, அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தார். எடை போடும்போது தராசில் கை வைக்காத ரைட்டர் என்று பழம் பறித்த பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். எஸ்டேட் கைமாறியபோது வேலை போயிற்று. கரடியூருக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் காப்பியும் மிளகும் போட்டு, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இங்கிலீஷ் வார்த்தை. எஸ்டேட் பங்களாவில் கழித்துப்போட்ட பழைய பேப்பர்களில் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிப் பழகியவர். எங்கள் வீட்டில் சோறு சும்மா கிடைக்காது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

“அஞ்சு எழுத்து. உள்ள ஏ இருக்கோணும், ஆர் இருக்கோணும். ஆர் மொதல்ல வரக்கூடாது. சொல்லுங்க பாக்கலாம்.”

தம்பி எதிரே அலமாரியைப் பார்த்து, “ரேடியோ!” என்பான்.

“ஆர் மொதல்ல வரக்கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன் சாமி? காதை எங்க அடகு வெச்ச?”

நான் “பிரெட்” என்று சொல்லி முதல் சோறு வாங்கிவிடுவேன். “உங்க இங்கிலீசுல சோறு ஆறிப்போச்சுங்க” என்று அம்மா கரண்டியைப் பிடுங்கித் தம்பிக்கும் போடுவார்.

அம்மா போன பிறகு அப்பா அந்தத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். சேலத்துக்கு வாருங்கள் என்று நாங்கள் கெஞ்சியும் மசியவில்லை. பயத்தில் நான் அடிக்கடி போன் செய்வேன். தம்பி அவர் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சையாகும். விடிந்ததும் போட்டு முடித்து, எழுத்து தெரியாத வண்ணக் கட்டங்களை எங்கள் இருவருக்கும் அனுப்புவார். வீட்டில் பேச மட்டும் சிக்னல் எட்டும், நெட் கிடைக்காது. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, மேலே பாறைவரை நடப்பார். அங்கே சேர்ந்ததும் அது தானாகக் கிளம்பிவிடும்.

ஒருநாள் என்னிடம் சீறினார். “ஏங்கண்ணு, அப்பன் இருக்கறானா செத்தானான்னு தெனம் பாக்கறயா? கட்டம் வந்துதுன்னா இருக்கறேன்னு அர்த்தம். வரலீன்னா வந்து பாருங்க. அதுவரைக்கும் தொல்லை பண்ணாதீங்க!”

அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. நானும் போனைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த நாளுக்கு முந்தின ராத்திரி முழுக்க மழை. காலையில் கட்டம் வரவில்லை. போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை. தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை, வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் கிளம்பினான். மலைப்பாதையில் பாதி ஏறியபோது போன் சிணுங்கியது. கட்டம்! மூன்றாவது வரியில் ஐந்தும் பச்சை. நானும் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி என்னைக் கூப்பிட்டான்.

“பெருசு கலக்கிட்டாருங்க்கா, மூணே வரி! நான் பாட்டுக்கு நனைஞ்சுகிட்டு வந்தேன் பாருங்க.”

சிரித்துக்கொண்டே சேலத்துக்குத் திரும்பிவிட்டான்.

சாயங்காலம் மாடு ஓட்டி வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், பாறைக்குச் சற்று முன்னால், தடத்தில் அப்பாவைக் கண்டார். காலையிலேயே வழுக்கி விழுந்து, கல்லில் தலை அடிபட்டுக் கிடந்திருக்கிறார். போன் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. மழையில் கரண்ட் போய் டவர் படுத்திருக்கிறது. பகலில் கரண்ட் வந்ததும், விழுந்து கிடந்த அப்பாவின் பையிலிருந்து அந்தக் கட்டம் தானாக எங்களுக்கு வந்திருக்கிறது.

“விழுந்த உடனே உயிர் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் இருந்தும் இருக்கலாம்” என்றார் டாக்டர். அந்த இரண்டாவது வாக்கியம்தான் தம்பியைத் தின்கிறது.

“பாதி மலை ஏறிட்டு மகன் திரும்பிட்டானாமா” என்று துக்க வீட்டிலேயே பேசினார்கள். ஆமாம், திரும்பினான். அப்பா தன் வாயால் சொன்னதை நம்பித் திரும்பினான். அப்பா உயிரோடு இருந்தபோது அந்த மேட்டில் ஒரு தடவைகூட ஏறாதவர்கள், கீழே நின்று அவனை எடை போட வேண்டாம்.

வழுக்கும் தடத்தில் அப்பாவைக் கம்பளியில் தூக்கிவந்த கரடியூர்க்காரர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், ஜெபம் செய்த போதகர் ஐயாவுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி காய்ச்சிக் கொடுத்த ஒண்டிக்கடை ஊர்ச் சித்திக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

அன்றைய வார்த்தை எது என்று நாங்கள் இருவருமே தேடவில்லை. அந்த விளையாட்டை அப்பாவின் போனிலிருந்து தம்பி எடுத்துவிட்டான். இப்போது விடிந்ததும் எனக்குப் போன் செய்கிறான்.

“அக்கா, பேசுங்க” என்கிறான்.

“பேசறேன் சாமி” என்கிறேன்.

என் குரலைக் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறான்.