குர்லா கடையில் நான் விட்டுவந்த வாட்ச்

நேற்று நெருளில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மணப்பெண்ணின் கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச்!

மேடையில் ஃபோட்டோ எடுக்கும் அவசரத்திலும் கேட்டுவிட்டேன்: "இதுக்கு டெய்லி சாவி கொடுக்கணுமா?"

"ஆமா ஆன்ட்டி, மெக்கானிக்கல்! காதுல வெச்சுப் பாருங்க!"

(எண்பது தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண். நன்றாக இருக்கட்டும்!)

வைத்துப் பார்த்தேன். அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் வீடு. எனக்கு ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. (இந்தப் பதிவில் பிழை இருந்தால் போனைத்தான் திட்ட வேண்டும்!) ஆபீஸ் விட்டு வி.டி. ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில், பழைய வாட்ச் விற்கும் கடை ஒன்று. அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வராது.

அங்கே வாங்கியதுதான் என் முதல் வாட்ச். ஸ்விஸ். ஆண்கள் சைஸ்.

கிரீம் டயல், வருஷக்கணக்காக வெயில் பட்டு, பால் அதிகம் விட்ட டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. முட்கள் நேராகப் பார்த்தால் கறுப்பு. கையைச் சற்றுச் சாய்த்தால் நீலம்!

ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் தனியாக ஒரு செகண்ட் முள். அந்த வட்டத்துக்கு இடம் விடுவதற்காக 6 என்ற எண்ணையே எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஐந்தும் ஏழும்கூட ஓரத்தில் லேசாக நறுக்கப்பட்டிருக்கும். எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறாரே என்று டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு சதுர வாட்ச் ஒன்று சேர்ந்தது. அப்புறம் கறுப்பு டயல் ஒன்று. எல்லாம் பஞ்சு வைத்த பிஸ்கட் டப்பாவில்.

அம்மாவுக்குத்தான் கவலை. "வளையல் சேக்கற வயசுல வாட்ச் சேக்கறயேடி! எவன் வருவான்?"

வந்தார்! பாங்க் உத்தியோகம், செம்பூரில் வீடு. தங்கமான மனுஷர்.

டப்பாவோடு செம்பூர் போனேன். ஆனால் இவருக்கு வாட்ச் என்றால் மணி காட்டும் ஒரு சாமான், அவ்வளவுதான். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு எதையும் விளக்கிச் சொன்னதில்லை.

அந்த வருஷ மழையில் என் முதல் வாட்ச்சின் தோல் ஸ்ட்ராப் ஊறி, ஒரே நாற்றம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வாட்ச்சை மட்டும் மேஜைமேல் வைத்திருந்தேன். புது ஸ்ட்ராப் வாங்கச் சோம்பல்.

ஒரு சாயங்காலம் இவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"கண்ணை மூடிண்டு கையை நீட்டு!"

நீட்டினேன். சில்லென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால், தங்க நிறச் செயினில் ஒரு லேடீஸ் வாட்ச். டயல் மிளகு சைஸ்! அதில் எண்களே கிடையாது.

"அழகா இருக்கோன்னோ? மேஜைமேல ஸ்ட்ராப்கூட இல்லாம ஒண்ணு கெடந்ததே, ரிப்பேர்னு நெனச்சேன். குர்லாக் கடைக்காரன்கிட்ட அதைக் குடுத்து எக்ஸ்சேஞ்ச் பண்ணிண்டேன். இனிமே நீ ஆம்பளை வாட்ச்சைக் கட்டிண்டு அலைய வேண்டாம்!"

முகமெல்லாம் சிரிப்பு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த மழையில் எனக்காகக் குர்லாவில் இறங்கி, மறுபடி ட்ரெயின் ஏறி வந்திருக்கிறார்.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றேன்.

சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். அவரிடம் சொல்லாமல் குர்லாவில் இறங்கிக் கடையைத் தேடிப் பிடித்தேன். கண்ணாடிக்குள் இருந்தது. முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை!

டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பளீர் வெள்ளை. தடித்தடியாகக் கறுப்பு எண்கள். சின்ன வட்டத்தின் கோடுகள் ஒரு பக்கம் நெருக்கியும் ஒரு பக்கம் விலகியும் கிடந்தன. நீல முட்களைக் காணோம். பித்தளை நிறத்தில் வேறு ஏதோ முட்கள். பின்மூடியில் இருந்த கீறலை வைத்துத்தான் என்னுடையது என்று தெரிந்துகொண்டேன்.

கடைக்காரருக்கு ஒரே பெருமை. "ஏக்தம் நயா பனா தியா, பஹன்!" புத்தம் புதுசாக ஆக்கிவிட்டாராம்.

அந்தப் பழைய முட்கள் எங்கே என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"ஃபேங்க் தியா." தூக்கி எறிந்துவிட்டார்.

வாட்ச்சை வாங்கிக் காதில் வைத்தேன். சத்தம் மட்டும் அதேதான்.

திரும்ப வாங்கியிருக்கலாம். பர்ஸில் பணம் இருந்தது. ஆனால் இவரிடம் என்ன சொல்வது? டயலும் போயிற்று, முள்ளும் போயிற்று, இனி இதில் என்ன இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தேறுதல் செம்பூர் வரைகூடத் தாங்கவில்லை.

லேடீஸ் வாட்ச்சைத் தினமும் கட்டிக்கொண்டேன். மணி மட்டும் இவரிடமே கேட்பேன். வருஷம் திரும்பியிருக்கும், ஒருநாள் செம்பூர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏன்னா, மணி என்ன?"

"கையில வாட்ச்சைக் கட்டிண்டு எப்பப் பார்த்தாலும் என்னையே கேக்கறியே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் ட்ரெயின் வந்து போயிற்று. ஏறவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அப்பவே ஓடிப்போய்த் திருப்பி வாங்கிண்டு வந்திருப்பேனே" என்றார்.

அடுத்த வண்டியில் என்னைக் குர்லாவுக்குக் கூட்டிப்போனார். அது எப்போதோ விற்றுப்போயிருந்தது.

என்னை ஒரு சொல் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்கென்று அவராக எதையும் வாங்கி வந்ததே இல்லை.

புடவை என்றால், "நீயே வந்து பாரு." ஸ்வீட் என்றால், "எது வேணும்னு சொல்லிடு."

பூக்காரியிடம் நின்றால்கூட, "மல்லியா, கதம்பமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் பதில் சொல்லும்வரை காசை எடுக்க மாட்டார்.

ஒருவர் ஆசையாக, தப்பான ஒன்றை வாங்கிவந்து நீட்டுகிறார். உண்மையையும் சொல்லி, அவர் முகமும் வாடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? உங்களில் யாருக்காவது அது கைவந்திருக்கிறதா? கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

எனக்கு இனித் தேவைப்படாது. இவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன.