வீடு பார்க்க வந்தவர்களிடம் சொன்னது

தம்பிக்குப் பெண் பேசியிருந்தோம். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்த வாரம், அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, ஞாயித்துக்கெழம ஒரு நா மட்டும் கடம்பூர்ல சித்தி வீட்டுக்குப் போயி இருந்துட்டு வாயேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மனச்சிதைவு நோய். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடத்தில், விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது கேட்க ஆரம்பித்தது. குளிப்பதை விட்டேன். சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினேன். "படிச்ச கொழுப்பு" என்றார் மாமா. அம்மா என்னை வேப்பிலை அடிக்கிற இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போய் அலைந்தாள். இரண்டு வருடம் வீணான பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். மாத்திரை குரல்களை அடக்கியது. உடம்பை ஊத வைத்தது. விட்ட படிப்பை முடித்தேன். இப்போது பசுவந்தனைக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேதியியல் நடத்தப் போகிறேன்.

அந்தப் பஸ்ஸில்தான் என் நோயைப் படிக்கத் தொடங்கினேன். "கெமிஸ்ட்ரிதான படிச்சிருக்கீங்க, பாருங்க" என்று மருத்துவர் சில கட்டுரைகளைப் போனுக்கு அனுப்பியிருந்தார். இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராய்ந்தவர்கள் எழுதியவை. ஈரத்தைக் கழித்துவிட்டால் மூளையில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். இந்த நோய் இருந்தவர்களின் மூளையில் சில வகைக் கொழுப்புகளின் அளவு மாறியிருக்கிறது. நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்புறை போடுவதற்கான மரபணுக்களில் சில, செய்ய வேண்டிய அளவுக்கு வேலை செய்யவில்லை. அதுதான் நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா, வருடக்கணக்காகத் தின்ற மாத்திரையால் வந்ததா, இன்னும் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

முதல் கட்டுரையை முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். என் குணக்கேடு என்று ஊரே சொன்ன ஒன்றை, யாரோ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"மூளையில கொழுப்பு கூடிப்போச்சுங்கியா?"

"சிலது கூடியிருக்கும், சிலது கொறஞ்சிருக்கும்மா."

"அப்ப ஒன் மாமன் சொன்னது சரியாத்தான் போச்சு" என்றவள், தானே சிரித்துவிட்டாள். அந்த நோயை வைத்து நாங்கள் சிரித்தது அன்றுதான் முதல்முறை.

ஆனால் சிரிப்பு வேறு, சம்பந்தம் வேறு. நான் கடம்பூருக்குப் போக மாட்டேன் என்றதும் அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"ஒரு நாள்தானக்கா" என்றான் தம்பி.

"அவ இங்கன வந்து காலம்பூரா வாழப் போறா. என் மாத்திரைய எங்கல ஒளிச்சு வைப்ப?"

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான மூத்தவ? ஒனக்கு ஏம்மா இன்னும் முடிக்கல?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"எனக்கு மனச்சிதைவு நோய் இருக்கும்மா. மாத்திரை சாப்பிடுதேன். வேலைக்கும் போறேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அது பரம்பரையா வருமோ?"

"மத்தவிய வீட்ட விட வாய்ப்பு கொஞ்சம் கூட. வந்தே தீரும்னு இல்ல. மரபணு இருந்தா மட்டும் போதாது, அது எந்த அளவுக்கு வேல செய்யுதுங்கதும் இருக்கு. நம்ம கரிசல்ல வெத கெடக்குன்னு எல்லா வருசமுமா மொளைக்கி?"

பெண்ணின் அப்பா லேசாகத் தலையசைத்தார். அத்தை அசைக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். ஒரு தகவலும் வரவில்லை.

தம்பி என்னிடம் பேசுவதை நிறுத்தினான். நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று தெரியும். கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு எப்படிக் கேட்பது?

பருத்தி எடுப்பு முடிந்த சமயம் கல்யாணத் தரகர் வந்தார். உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, மொதல்லயே சொல்லிப்புடுதேன். மூத்தவளுக்கு மூளையில ஒரு நோவு இருக்கு. மருந்து சாப்பிடுதா, வாத்தியாரா இருக்கா. இதச் சொல்லி, அதுக்குப் பொறவும் வாரவிய வந்தாப் போதும்."

கையிலிருந்த சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. தம்பியும் அங்கேதான் இருந்தான். அன்று ராத்திரி அவன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சில வீடுகள் தட்டிப் போயின. கடைசியில் புதூர்ப் பக்கம் ஒரு பெண், சம்மதம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவள்தான் இப்போது எங்கள் வீட்டு மருமகள். மாசமாக இருக்கிறாள்.

போன வாரம் துணி காயப்போடும்போது கேட்டாள். "மதினி, புள்ளைக்கும் வந்துட்டா?"

"வந்தா, ஆரம்பத்துலயே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம். என்னைய மாதிரி கோயில் கோயிலா அலைய விடமாட்டேன்."

அவள் ஈரச் சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். "புடிங்க, நல்லா முறுக்கிப் புழிவோம்" என்றாள். ஆளுக்கொரு பக்கம் நின்று பிழிந்தோம்.