மோட்டார் ரூம் மாடியில் ஒரு ரிலே

போன வாரம் எனக்கு வேலை போய்விட்டது. சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை...

தேவாரம் ஊரில் என் கொழுந்தியாள் வீடு; அங்கே போயிருந்தேன். அவள் மகள் கவிதாவுக்கு அன்று காலை ஆன்லைன் இன்டர்வியூ. ரேடியோ அலைவரிசை பற்றி ஆராய்ச்சி செய்ய இரண்டு வருடமாக இடம் தேடி அலைகிறாள். இதுவும் கைநழுவினால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் பாருங்கள் — அலைவரிசையை ஆராயப் போகிறவள் வீட்டில் சிக்னல் கிடையாது. மலையடிவாரம் அல்லவா?

சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் மொட்டை மாடி. அதிலும் ஒரு மூலை மட்டும். அங்கே கம்பியில் தொங்கும் மஞ்சள் பைக்குள் தோட்டக்காரர் பேச்சியம்மாளின் போன். மணி அடித்தால் பந்தலுக்குள்ளிருந்து ஓடி வந்து, ஏறிப் பேசுவார். அன்று அவருக்குப் பழம் ஏற்ற லாரி வர வேண்டும்.

"உக்காந்து பேசு தாயி. ஆனா எனக்கு போன் வந்தா எடத்த விட்டுரணும்."

இன்டர்வியூ நடுவில் எப்படி எழுந்து போவது? கவிதா என்னைக் காட்டினாள்.

"நீங்க ஏறி வர வேணாம் அத்தை. பெரியப்பா எடுத்துப் பேசி, அப்படியே கத்திச் சொல்லுவாக."

இப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன்.

இன்டர்வியூ ஆரம்பித்ததும் போன் அடித்தது. தொந்தரவு வேண்டாமென்று தலையை மஞ்சள் பைக்குள் விட்டபடி பேசினேன். லாரி டிரைவர்.

"அண்ணே, பாலத்துக்கிட்ட பாதை சேறாக் கெடக்கு. வண்டி உள்ள வராது. ரோட்டுலயே நிக்கிறேன். பழத்த டிராக்டர்ல அங்கன கொண்டாரச் சொல்லுங்க."

ரொம்ப நீளம். பத்திரிகைக்கு வருவதில் வளவளப்பை வெட்டுவதுதானே என் தொழில்? பந்தலைப் பார்த்துக் கத்தினேன்.

"லாரி வந்துருச்சு!"

"என்னம்மா சத்தம்?" என்றது லேப்டாப். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நொடிதான். கேமராவை என் பக்கம் திருப்பினாள்.

"சார், இந்த இடம் தோட்டக்கார அத்தையோடது. அவங்க பேசாத நேரம் நான் பயன்படுத்துறேன். பதிலுக்கு அவங்க செய்திய நாங்க கடத்துறோம். என் ஆராய்ச்சியும் இதேதான் சார். லைசென்ஸ்காரங்க சும்மா வெச்சிருக்க அலைவரிசையில மத்தவங்க பேசலாம், பதிலுக்கு அவங்களுக்கு ரிலேயா நிக்கணும். இவருதான் ரிலே."

நான் கையாட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

இருபது நிமிடம் கழித்துக் கடைசிக் கேள்வி வந்தது. "ரிலே தப்பாச் சொன்னா என்னம்மா செய்வ?"

அதே நேரம் பேச்சியம்மாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "அண்ணே, லாரி வந்துருச்சுன்னீக. எங்கன வந்துருச்சு? பழமெல்லாம் வெயில்ல கெடக்கு."

முழுதையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"பாலம், டிராக்டர் எல்லாத்தையும் முழுங்கிட்டீகளே!"

கவிதா நிதானமாக கேமராவைப் பார்த்தாள். "ரிலேவை மாத்தணும் சார்."

லேப்டாப்புக்குள் ஒரே சிரிப்பு. டிராக்டர் ஓடியது, பழம் தப்பித்தது. என் வேலைதான் போனது.

நேற்று நான் அங்கே இருந்தபோது பேச்சியம்மாள் வீட்டுக்கே வந்தார். வீட்டில் சிக்னல் இல்லையென்று கவிதா காலேஜுக்கு அவர் நம்பரையும் கொடுத்திருந்தாளாம். அதில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டது, என்றைக்குச் சேர வேண்டும், என்னென்ன சர்டிபிகேட் — ஒன்று விடாமல் ஒப்பித்தார். கவிதா அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நடுவுல ரெண்டு தடவ இருமுனாக அண்ணே. அதையும் சேத்துச் சொல்லிட்டேன்."