எதையும் சுழற்றாத சக்கரங்கள்

என் அண்ணன் பொய்ச் சாமான் செய்கிறவன். தொழில் என்னவென்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வான். சினிமாவுக்கும் நாடகத்துக்கும் வேண்டிய வாள், கிரீடம், துப்பாக்கி, விண்வெளிக் கவசம் எல்லாம் அவன் பட்டறையில் பிறந்தவை. பட்டறை என்றால், வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே இருப்பவை கண்ணுக்கு இரும்பு, கைக்குப் பஞ்சு. வருகிறவர்களிடம் ஒரு பாறாங்கல்லைக் காட்டி, "எங்க, தூக்குங்க பாப்போம்" என்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறவர்கள் கல்லோடு மல்லாந்து விழப் பார்ப்பார்கள். அந்த விளையாட்டு அவனுக்குக் கடைசிவரை அலுக்கவே இல்லை.

சில ஆண்டுகளாக அவனுக்குச் சோறு போட்டது 'ஸ்டீம்பங்க்'. நீராவி இயந்திரக் காலம் முடியாமலே நீண்டிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. வீடியோ கேமிலும் பாட்டுக் காட்சியிலும் காபிக் கடைச் சுவரிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பியின் மேல் ஒரு பெரிய கண்ணாடி, பித்தளைக் கை, புகை விடும் கைக்கடிகாரம், திரும்பிய பக்கமெல்லாம் பல்சக்கரம். அண்ணன் அந்தச் சக்கரங்களை ஃபோம் ஷீட்டில் வெட்டி, தங்க நிற ஸ்ப்ரே அடித்து, கறுப்புச் சாயம் தேய்த்துப் பழசாக்கி, பசை வைத்து ஒட்டுவான். ஒட்டும்போதெல்லாம் ஒரு முணுமுணுப்பு. "இது எதைச் சுத்துது? ஒண்ணையும் சுத்தல. சும்மா உக்காந்திருக்கு."

அவனுக்கு அந்தப் பாணி பிடித்திருந்ததுதான் சிக்கல். பிடிக்காதவன் என்றால் ஒட்டினோமா, கை கழுவினோமா என்று போயிருப்பான்.

"இங்க பாரு காலேஜு," என்பான். வீட்டில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான் என்பதால் அவன் வைத்த பெயர் அது. "இப்ப வர்ற மெஷின் எல்லாம் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு காட்டவே மாட்டேங்குது. மொழுக்குன்னு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இது குடலை வெளியில போட்டுக்கிட்டு நிக்குது. வெக்கமே இல்ல. அதுக்காகவே எனக்கு இது பிடிக்கும். ஆனா குடல்னு காட்டிட்டு, அது ஜீரணம் பண்ணலைன்னா எப்படி?"

அம்மாவுக்குக் காது மந்தமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வாங்கிக் கொடுத்த காது மெஷின் இழுப்பறையில் கிடந்தது. "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி அதை உற்றுப் பார்த்ததுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தெரியும். அதனால் அண்ணன் கத்திப் பேசினான். கத்திப் பேசினால் பாசம்கூட அதட்டலாகிவிடும். "சாப்பிட்டியாம்மா?" என்று அவன் கேட்டால் தெருமுனை வரை கேட்கும். அம்மாவின் முகம் சுருங்கிப் போகும். "எதுக்குடா திட்டறே?"

முதலில் அவன் கத்துவதை நிறுத்தினான். பிறகு பேசுவதையே நிறுத்தினான். தட்டைக் காட்டுவான், அவள் தலையாட்டுவாள். குடையைக் காட்டுவான், அவள் வானத்தைப் பார்ப்பாள். என் குரலோ எனக்கே சரியாகக் கேட்காத குரல்; என்னால் ஒரு உபயோகமும் இல்லை. ஒரு நாள் பசைக் கையோடு வந்து என்னிடம் கேட்டான்: "அம்மா ஒரு ஜோக் அடிச்சு எவ்வளவு நாளாச்சு, கவனிச்சியா?" அம்மாவின் வாய்த்துடுக்குக்குப் பயந்து உறவுக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே யோசித்த காலம் ஒன்று உண்டு. அதை அவன் திரும்பப் பெற ஏங்கினான்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. பாட்டுக் காட்சியில் ஒரு ராணி பித்தளைக் குழலைக் காதில் வைத்து ஒட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பாட்டின் டைரக்டர் குளிக்கும்போது தவிர எந்நேரமும் தொப்பியோடு திரிகிறவர் என்பதால், அவரைத் தொப்பி சார் என்போம். கேமரா மிகக் கிட்டத்தில் வரும், ஃபோம் வேண்டாம், நிஜப் பித்தளையாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் பழைய இரும்புக் கடையில் ஒரு வண்டி ஹாரனின் வாயைப் பிடித்து வந்து, வளைந்த குழாய் ஒன்றை அதோடு பற்றவைத்தான். தொப்பி சார் போனில் வந்தார்.

"சக்கரம் போடுங்க பிரதர். மூணு சக்கரம், முக்கோணமா, ஒண்ணையொண்ணு கடிச்ச மாதிரி."

"மூணும் ஒண்ணையொண்ணு கடிச்சா எதுவுமே சுத்தாது சார். இறுகிப்போயிடும்."

"சுத்த வேணாம் பிரதர். மின்னினா போதும்."

மின்னட்டும் என்று மூன்று கடிகாரச் சக்கரங்களை அப்படியே ஒட்டி, காய்வதற்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அம்மா வந்து அதை மேலும் கீழும் பார்த்தாள். போன் எடுப்பதுபோலக் கிண்டலாகக் காதில் வைத்துக்கொண்டு, அகன்ற வாயை எங்கள் பக்கம் திருப்பினாள். அவளுக்கு எதிரே என்னோடு நின்ற அண்ணன், அவளுக்குக் கேட்கும் என்ற எண்ணமே இல்லாமல் என்னிடம்தான் சொன்னான்: "ஐயோ, பசை காயல. காதுல ஒட்டிக்கப் போவுது."

"ஒட்டினா ஒட்டட்டும்," என்றாள் அம்மா. "நீ ஒட்டினதுல எதுடா இதுவரைக்கும் நின்னிருக்கு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மெல்ல நடந்துபோய்க் குழலின் வாய்க்கருகே குனிந்தான்.

"அம்மா."

"ம்."

"கேக்குதா?"

"இவ்வளவு மெதுவா பேசத் தெரியுமா உனக்கு? அப்புறம் எதுக்குடா இத்தனை நாளா கத்தினே?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அம்மா விரலால் சக்கரங்களைத் தள்ளிப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"சும்மாம்மா. அழகுக்கு."

"சும்மாவா? சும்மா இருக்கறதுக்கு நம்ம வீட்டுல ஏற்கெனவே ஆள் இல்லையா?" அன்று லீவு போட்டு வீட்டில் இருந்த என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள்.

அந்தக் குழல் படப்பிடிப்புக்குப் போகவில்லை. அச்சு அசலாக ஃபோமில் இன்னொன்று செய்து அனுப்பினான். கேமரா எவ்வளவு கிட்டத்தில் போயும் தொப்பி சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு டிவியில் அந்தப் பாட்டு வந்தபோதெல்லாம், குழலைக் காதில் வைத்துக் கண்ணை உருட்டும் ராணியைப் பார்த்து அம்மா உச்சுக்கொட்டுவாள். "பாவம், அவளுக்கு ஒரு எழவும் கேக்காது."

காது மெஷினுக்குக் கூசியவள் இந்தக் குழலைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். கேட்டால், "ஒளிச்சு வெச்சாத்தான் வெக்கம். இதுதான் ஊருக்கே தெரியுதே" என்பாள். ஒரே ஒரு தொல்லை. அடுத்த வீட்டுக்காரியும் இப்போது குழலில் பேசத் தொடங்கிவிட்டாள், மணிக்கணக்கில்.

"கேக்க வெச்சியே ராசா, கேக்காம இருக்கறதுக்கு ஒரு வழி வெச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

அன்றே அவன் மூன்று சக்கரங்களில் ஒன்றைக் கழற்றினான். அது இப்போது என் மேசையில், இந்தத் தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டையும் அச்சில் பொருத்தினான். சின்னதைக் கட்டைவிரலால் தள்ளினால் பெரியது சுழலும். அதோடு குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு திரும்பி வழியை அடைக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் திறக்கும். அம்மா அடுத்த வீட்டுக்காரிக்கு முன்னால் தலையை ஆட்டி ஆட்டி, விரலைச் சத்தமில்லாமல் நகர்த்துவதைச் சமையலறை ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துச் சிரித்தோம். "காலேஜு," என்றான் அண்ணன், "இப்ப இது ஒண்ணைச் சுத்துது."

அதன் பிறகு அவர்கள் நிறையப் பேசினார்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. விலைவாசி, கரப்பான்பூச்சி, யாருக்கு மூக்கு நீளம் என்பதெல்லாம்தான். இப்போது நினைத்தால், அவன் செய்தவற்றில் பொய்யில்லாத சாமான் அது ஒன்றுதான்.

போன மாதம் பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் குழலுக்குள் பேசினார்கள். விதி என்றார் ஒருவர். கஷ்டப்படாமல் போனானே என்றார் இன்னொருவர். அம்மாவின் கட்டைவிரல் நகர்ந்தது. அதைப் பார்த்தவள் நான் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் அவள் தலையாட்டினாள். எல்லோரும் போன பிறகும் அந்தத் தகடு திறக்கவில்லை. குழல் மடியிலேயே கிடந்தது. நான் தட்டைக் காட்டுவேன், அவள் தலையாட்டுவாள். வீடு மறுபடியும் அப்படி ஆகிவிட்டது. இனி இது இப்படியேதான் போகுமோ என்ற பயத்தோடு தினமும் வேலைக்குப் போய் வந்தேன்.

நேற்று சாயங்காலம் வந்தபோது அம்மா பட்டறையில் இருந்தாள். பாறாங்கல்லை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னையே ஏமாத்தினான், படவா," என்றாள், கல்லைத் தடவியபடி. "முதுகு பிடிச்சுக்கும்னு நான் தூக்கவே மாட்டேன்னேன்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் என் உதடுகளைப் பார்த்தாள். கல்லை இறக்கி வைத்துவிட்டுக் குழலை எடுத்தாள். விரலால் சக்கரத்தைத் தள்ளினாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காதில் வைத்துக்கொண்டு, வாயை என் பக்கம் நீட்டினாள்.

"சொல்லு காலேஜு."

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கிட்டப் போனேன். குனிந்தேன்.

"சாப்பிட்டியாம்மா?"

அம்மாவின் உதட்டோரம் லேசாகக் கோணியது.

"எதுக்குடி திட்டறே?" என்றாள்.